சீகிரியா அடிவாரத்தில் ஒரு மானிடவியற் பாடம்

சீகிரியாவுக்குச் செல்வோர் மலையுச்சியை நோக்கியே நடப்பர். கள ஆய்வுக்காகச் சென்ற மாணவராகிய நாமும் முதல்நாட் காலையில் அவ்வாறே ஏறினோம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் அமைத்த அரண்மனையின் எச்சங்களைக் கண்டோம். ஆயினும் என் நினைவில் நிலைத்தது கண்ணாடிச்சுவரே. முற்காலத்தில் அங்கு வந்துபோனோர் கீறிவைத்த பாடல்களுள் 685ஐத் தொல்லியலறிஞர் செனரத் பரணவிதான வாசித்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். ஓவியப் பெண்களைப் பாட எழுந்த அப்பாடல்கள், பாடியவர்களின் ஏக்கத்தையும் செருக்கையுமே மிகுதியாகக் காட்டுகின்றன. பிறரை நோக்கச் செல்பவன் தன்னையும் வெளிப்படுத்திவிடுகிறான் என்பதை அன்று பிற்பகலில் நானே உணர நேர்ந்தது.

அடிவாரக் கிராமமொன்றில் வம்சாவளி வரைதலே எமக்கு இடப்பட்ட பணி. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி. நீலகிரித் தோடரைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்ட ரிவர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர் வகுத்த முறையின் வழிவந்தது இது. குளக்கட்டருகே ஒரு வீட்டு விறாந்தையில், முதிய சிங்களப் பெண்மணி ஒருவர் முன் தாளை விரித்து அமர்ந்தேன். என் சிங்களம் தடுமாறிய இடங்களில் சகமாணவன் ஒருவன் துணைசெய்தான். அவரை 'ஆச்சி' என்று அழைத்தேன். யாழ்ப்பாணத்தில் என் பாட்டியை நான் அழைத்த சொல் அது. சிங்களத்திலும் பாட்டியைக் குறிக்கும் சொல் அதுவே.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தாயின் சகோதரன் 'மாமா'. தந்தையின் சகோதரி 'நெந்தா'. அவர்களுடைய மகன் 'மஸ்ஸினா'. தாயின் தங்கை 'புஞ்சி அம்மா', அதாவது சின்னம்மா. சின்னம்மாவின் மகள் உடன்பிறந்தாளாகவே கொள்ளப்படுவாள். அவளை மணத்தல் ஆகாது. மாமன் மகளோ மணத்துக்கு உரியவள். சில சொற்கள் வேறாயினும் பகுப்பு எங்கள் வீட்டுப் பகுப்பே.

நூல்கள் இதனைத் திராவிட உறவுமுறை என்று கூறும். 1871இல் வெளிவந்த தமது பெருநூலில் மோர்கன், தமிழரின் உறவுப்பெயர்களை அமெரிக்காவின் செனெக்கா மக்களுடைய பெயர்களோடு ஒப்பிட்டார். 1954இல் வடமத்திய மாகாணத்துப் புல்எளியாவில் ஆய்வுசெய்த எட்மண்ட் லீச், சிங்களக் கிராமத்தில் இப்பகுப்பு வழங்குமாற்றை விரிவாக எழுதினார். இவற்றையெல்லாம் பரீட்சைக்காக மனனஞ் செய்திருந்தேன். ஆச்சி கேட்ட கேள்விக்கோ நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "மகனே, உன் ஆச்சிக்கு எத்தனை சகோதரர்கள்? அவர்கள் எங்கே பெண்ணெடுத்தார்கள்?" என்று அவர் வினவினார். எனக்கு விடை தெரியவில்லை. அந்நியர் ஒருவரின் குடும்பத்தை மூன்று தலைமுறைக்கு வரைந்துவிட்ட எனக்கு, என் குடும்பத்தில் இரண்டு தலைமுறையைத் தாண்ட இயலவில்லை.

உறவுமுறை ஒன்றாயிருத்தலைக் கொண்டு இரு மக்களும் ஒருவரே என்று முடிவுகட்டுதல் எளிது. வரலாறு அதற்கு இடங்கொடாது. 1956இல் மாணவர் குழுவொன்றுடன் கல்லோயாக் குடியேற்றத்தில் ஆய்வுசெய்துகொண்டிருந்த ஸ்டான்லி தம்பையா, அங்கு வெடித்த இனவன்முறையை நேரில் எதிர்கொண்டார். மாமனையும் மைத்துனனையும் இரு சாராரும் ஒரேவிதமாகப் பகுத்தறிந்தமை அன்று எவர் கையையும் தடுக்கவில்லை. பின்னாளில் தாய்லாந்து பற்றிய ஆய்வுகளால் உலகப்புகழ் பெற்ற அவர், இலங்கை குறித்து 1986இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சகோதரக்கொலை என்னும் பொருள்படும் சொல்லை வைத்தார். உறவு என்பதன் முழுப் பொருளையும் அறிந்தவரே அச்சொல்லைத் தேர்ந்திருத்தல் கூடும்.

மானிடவியல் வன்முறையைத் தடுக்கும் என்று நான் கூறவில்லை. அது ஒரு விறாந்தையில் நம்மை அமர்த்துகிறது. நாம் கேட்பதற்கு ஈடாக நம்மையும் கேட்கச் செய்கிறது. அவ்வளவே அதன் பயன் எனினும் அது சிறிதன்று.

விடுமுறையில் வீடு சென்றபோது பெரியம்மாவின் முன் வெற்றுத்தாளை விரித்தேன். என் ஆச்சிக்கு நான்கு சகோதரர். அவர்கள் பெண்ணெடுத்த ஊர்களையும் பிள்ளைகளின் பெயர்களையும் பெரியம்மா தடையின்றிக் கூறிவந்தார். போரில் மறைந்த ஒருவருடைய முக்கோணத்தை அடைந்தபோது பேச்சு நின்றது. பேனாவை மூடி வைத்தேன். எஞ்சியதை மறுநாட் காலையில், நான் கேளாமலே, அவரே வந்து சொன்னார்.