நடுங்கும் அறையின் வரைபடம்

திருப்பூர் இராயபுரத்துப் பின்னலாடைக் கூடங்களில் துணி பழுதோடு இறங்கினால், கைதேர்ந்த தொழிலாளி இயந்திரத்தைத் தொடுமுன் துணியைப் படிப்பார். நெடுகக் கோடு விழுந்தால் ஊசியை ஐயுறுவார். குறுக்கே பட்டை விழுந்தால் நூலை. வட்டமாய் நிற்கும் ஊசிகள் வரிசை பிறழாது எழுந்து தாழ்வதால், பழுதின் தடமே அதன் பிறப்பிடத்தைக் காட்டிவிடும்.

இதயமும் வரிசையில் இயங்கும் உறுப்பே. வல மேலறையின் சைனோ ஏட்ரியல் கணுவில், ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை பிறக்கும் மின்தூண்டல், மேலறைகளில் அலையாய்ப் பரவிக் கீழறைகளுக்கு இறங்குகிறது. ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்னும் மேலறை நடுக்கத்தில் இவ்வரிசை குலைகிறது. நிமிடத்திற்கு 350க்கும் மேற்பட்ட தூண்டல்களால் மேலறைகள் சுருங்க இயலாது நடுங்குகின்றன. இடையிலுள்ள கணு அவற்றுள் சிலவற்றையே கீழே விடுவதால் உயிர் தப்புகிறது; நாடியின் தாளம் தப்புவதைத் தடுக்க இயலுவதில்லை. மேலறையில் தேங்கிய குருதி உறைந்து மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். வெறும் படபடப்பென்று தள்ளிவிடத்தக்க நோயன்று இது.

பழுது பிறக்கும் இடத்தை அறிய, தொடைச் சிரை வழியே மின்முனைகள் பொருத்திய மெல்லிய குழலை மருத்துவர் இதயத்துள் செலுத்துகிறார். சுவரின் ஒவ்வொரு புள்ளிக்கும் மின்னலை வந்துசேரும் நேரம் மில்லி நொடியில் குறிக்கப்படுகிறது. முந்தி எழுந்த இடம் பெரும்பாலும் சிவப்பாகவும் பிந்தியது ஊதாவாகவும் கணினித் திரையில் விரியும். வரைபடம் என்ற சொல் சற்றே ஏமாற்றுவது; நிலப்படம் இடத்தை மட்டும் காட்டும், இதுவோ நேரத்தையும் காட்டுகிறது.

1998இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷெல் ஹைசாகேர் குழுவினர், விட்டுவிட்டு வரும் நடுக்கமுடைய 45 நோயாளரிடம் 69 தூண்டல் மையங்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் 94 விழுக்காடு நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன! குருதி கொணரும் குழாய்களே கலகத்தின் ஊற்றாக இருந்தன. அச்சிரைகளின் வாயைச் சுற்றி வெப்பத்தாலோ குளிராலோ வடு வளையமிட்டு, மின்தூண்டல் வெளியேறாது தடுப்பது இன்று நிலைபெற்ற சிகிச்சை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இதயத் துடிப்புக் கோளாறு மையத்தை வழிநடத்தும் கல்யாணம் சிவக்குமார், இத்தகைய கோளாறுகளில் இதய நரம்புகளின் பங்கை ஆராய்ந்து வருகிறார்.

நீடித்த நடுக்கத்தில் பின்னல்கூட உவமை கைகொடுப்பதில்லை. அங்கே அலைகள் மோதி, உடைந்து, சுழன்று, நொடிதோறும் பாதை மாறுகின்றன. ஒரு துடிப்பில் எடுத்த படம் அடுத்த துடிப்புக்குப் பொருந்தாது. ஆகவே கூடைபோல் விரியும் குழலில் பல மின்முனைகளைப் பொருத்தி, ஒரே கணத்தில் பல புள்ளிகளை அளக்கின்றனர். அவ்வாறு கிடைக்கும் படத்தில் சுழலின் மையம் எது, வழிப்போக்கு அலை எது என்பதில் வல்லுநர்கள் இன்னும் ஒருமித்த கருத்துக்கு வரவில்லை.