அடுத்தவங்க பாட்டை வாசிக்கிறவங்க

கல்ச்சுரல்ஸ்ல எந்த பேண்ட் மேடை ஏறினாலும் நம்ம மக்கள் கேக்குற முதல் கேள்வி ஒண்ணுதான்: "சொந்தப் பாட்டா, கவரா?" கவர்னு சொன்னா முகத்துல லேசா ஒரு இறக்கம் தெரியும். நாலு வருஷமா நம்ம காலேஜ் பேண்ட்ல கீபோர்ட் வாசிக்கிறேன், அந்த இறக்கம் எனக்கு நல்லா பழக்கம். சொந்தமா ஏதாவது பண்ணினா கலைஞன், மத்தவன் எல்லாம் ஜெராக்ஸ் மெஷின். இது எழுதாத சட்டம்.

இந்தக் கட்டுரை அந்த ஜெராக்ஸ் மெஷின்களைப் பத்தி. நான் பள்ளிக்கூடத்துல தமிழை ஒரு பாடமா மட்டும்தான் படிச்சேன், அதனால எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் நடுவுல கலந்து வரும். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

முதல்ல ரெண்டு வார்த்தைக்கு விளக்கம். ப்ராக்ரெசிவ் ராக், சுருக்கமா ப்ராக். 1970 வாக்கில் இங்கிலாந்தில் வளர்ந்த ஒரு ராக் வகை. ஜெனிசிஸ், யெஸ், பிங்க் ஃப்ளாய்ட், கிங் கிரிம்சன்னு பெரிய பட்டியல் இருக்கு. மூணு நிமிஷப் பாட்டு இவங்களுக்குப் பத்தாது. ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' என்ற ஒரே பாட்டு 23 நிமிஷம் ஓடும். தாளம் நடுவில் மாறும், கதை மாறும், பாடகர் வேஷம் மாறும்.

அடுத்தது டிரிப்யூட் பேண்ட். கவர் பேண்டு பத்து பேர் பாட்டை வாசிக்கும். டிரிப்யூட் பேண்டு ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொண்டு, வருஷக்கணக்காக அந்தக் குழுவின் பாட்டை மட்டும் வாசிக்கும். இதுல ஒரு எல்லைக்கே போனவங்கதான் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1993-இல் தொடங்கிய 'த மியூசிக்கல் பாக்ஸ்'. குழுவின் பெயரே ஜெனிசிஸ் பாட்டு ஒன்றின் பெயர்.

நமக்கு அந்த ஊர் புதுசு. க்யூபெக் மாகாணம், வீட்டுலயும் தெருவுலயும் பிரெஞ்சு பேசுற இடம். ஆனா வட அமெரிக்காவுலேயே ப்ராக் இசைக்கு ரொம்ப சீக்கிரம் ரசிகர்கள் சேர்ந்த இடங்கள்ல அதுவும் ஒண்ணு. அங்கிருந்து கிளம்பின பாடகர் டெனி கன்யே. பீட்டர் கேப்ரியல் 1970-களில் ஜெனிசிஸில் பாடிய அதே ஆங்கில உச்சரிப்பு, பாட்டுக்கு நடுவில் அவர் சொல்லும் அந்த விசித்திரமான குட்டிக் கதைகள், எல்லாத்தையும் டெனி மேடையில் கொண்டு வந்தார். பேஸ் கிட்டார் செபாஸ்தியன் லாமோத், கிட்டார் ஃப்ரான்சுவா கன்யோன். நிகழ்ச்சியின் தோற்றத்துக்கு மொத்தப் பொறுப்பு செர்ஜ் மொரிஸெட்.

சரி, வேஷம் போட்டுப் பாடுறதுல என்ன பெருசுன்னு கேப்பீங்க. எனக்கும் அதே சந்தேகம் இருந்துச்சு, அவங்க என்ன வேலை செய்யுறாங்கன்னு கிட்டப் போய்ப் பாக்குற வரைக்கும்.

1974 கடைசியிலிருந்து 1975 மே வரை ஜெனிசிஸ் 'த லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்ற முழு ஆல்பத்தையும் மேடையில் நிகழ்த்திச் சுற்றியது. நூறு நிகழ்ச்சிக்கு மேல். பின்னால் மூணு திரை, அதில் பாட்டோட பாட்டா மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள். ஒரு காட்சியில் கேப்ரியல் உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கின ஒரு பிராணியாக வருவார். அந்த உடையைப் போட்டுக்கொண்டு மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவதே பெரும்பாடு. அந்தச் சுற்றுப்பயணம் முடிந்ததும் கேப்ரியல் குழுவை விட்டே போய்விட்டார்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த நிகழ்ச்சியை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரை யாரும் படம் பிடிச்சு வைக்கலை. ஃபோட்டோக்கள் இருந்தன. ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருந்தன. சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள் இருந்தன. அன்னைக்கு வேலை பார்த்தவர்களின் ஞாபகம் இருந்தது. இதையெல்லாம் சேர்த்து, எந்தப் பாட்டில் எந்த விளக்கு, யார் எங்கே நின்றார், எந்த வரிக்கு எந்த ஸ்லைடு என்று மாண்ட்ரியால்காரர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினார்கள். ஜெனிசிஸ் தரப்பே அனுமதி கொடுத்து, அசல் ஸ்லைடுகளையும் கொடுத்தது. சர்க்யூட் டயகிராமே இல்லாத ஒரு போர்டைப் பிரிச்சு, ட்ரேஸ் பிடிச்சு, திரும்ப வேலை செய்ய வெச்ச மாதிரி.

கருவிகளும் அந்தக் காலத்து வகை. மெல்லோட்ரான்னு ஒரு கீபோர்ட் உண்டு. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு தனி டேப் துண்டு. அதில் நிஜ வயலின், புல்லாங்குழல், கோரஸ் குரல் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடி. அதுக்கப்புறம் டேப் தீர்ந்து சத்தம் நின்னுடும். விரலை எடுத்தாதான் டேப் பழைய இடத்துக்குத் திரும்பும். அதனால நீளமான ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டே இருக்க முடியாது. கை மாத்தி மாத்தி வாசிக்கணும். ஜெனிசிஸின் டோனி பேங்க்ஸ் அப்படித்தான் வாசித்தார். இன்னைக்கு நம்ம கீபோர்ட்ல ஒரு பட்டன்ல அந்தச் சத்தம் வரும். ஆனா அந்த 8 விநாடி பயம் வராது. பழைய கருவி கையில இருக்கும்போது, அந்தப் பாட்டு ஏன் அப்படி எழுதப்பட்டிருக்குங்குறது விரலுக்குப் புரிஞ்சுடும்.

உட்காரும் விதம் கூட முக்கியம். ஜெனிசிஸின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹாக்கெட் அந்த நாட்களில் நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்து வாசிப்பார். அதனால் டிரிப்யூட் குழுவின் கிட்டார் கலைஞரும் உட்கார வேண்டும். யோசிச்சுப் பாருங்க. மேடை ஏறின எந்தக் கிட்டாரிஸ்டுக்கும் முன்னாடி வந்து நிக்கணும்னு ஆசை இருக்கும். இந்த ஆள் ராத்திரி முழுக்க நாற்காலியில, இன்னொருத்தரோட கூச்சத்தை வாசிக்கிறார்.

இது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு ஓரளவு தெரியும். போன செமஸ்டர்ல 'சப்பர்ஸ் ரெடி'யில் வரும் 9/8 பகுதியை ஹாஸ்டலில் உட்கார்ந்து கத்துக்கப் பார்த்தேன். கிட்டாரும் டிரம்ஸும் ஒன்பது எண்ணிக்கையில் ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்; அதுக்கு மேல ஆர்கன் தன் இஷ்டத்துக்கு அலையும். கீழே ஒன்பது, மேலே வேற கணக்கு. ரெண்டு நாள் எனக்குத் தலையும் புரியலை, காலும் புரியலை. என் ரூம்மேட் சின்ன வயசுல மிருதங்கம் படிச்சவன். ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டுட்டு, தொடையில தட்டி, "தகிட தக தகதிமி. மூணு, ரெண்டு, நாலு. சங்கீர்ணம்டா, இதுக்கா இவ்ளோ முழிக்கிற?" என்றான். அதுக்கப்புறமும் மூணு வாரம் ஆச்சு. மூணு வாரத்துல வந்தது அந்த 23 நிமிஷத்துல ஒரு சின்ன பகுதி, அதுவும் தனியா. ஒரு முழு நிகழ்ச்சியை ஐந்து பேர் சேர்ந்து, வேஷத்தோட, வருஷக்கணக்கா நடத்துறதை இனிமே நான் ஜெராக்ஸ்னு சொல்லத் தயாரா இல்லை.

அசல் ஆட்கள் என்ன நினைச்சாங்க? ஸ்டீவ் ஹாக்கெட் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் இவர்களோடு மேடை ஏறி வாசித்தார். 2005-இல் ஜெனீவாவில் ஃபில் காலின்ஸே வந்து, இவர்களின் டிரம்ஸில் உட்கார்ந்தார். எனக்கு ரொம்பப் பிடிச்சது கேப்ரியல் விஷயம். அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இவர்களின் நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறார், அப்பா அந்தக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பிள்ளைகள் பார்ப்பதற்காக. தன் இளமையைப் பிள்ளைகளுக்குக் காட்ட அவரிடமே படம் இல்லை. அதை மாண்ட்ரியால்காரர்கள் வைத்திருந்தார்கள்.

இதோட நிறுத்தினா கதை சுபம். ஆனா இன்னொரு ஆள் இருக்கார், அவரைச் சொல்லாம விட்டா நான் ஏமாத்துற மாதிரி ஆகிடும்.

பெனுவா டேவிட். இவரும் க்யூபெக்காரர்தான். யெஸ் குழுவின் பாட்டுகளைப் பாடும் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' என்ற டிரிப்யூட் குழுவின் பாடகர். 'மிஸ்டரி' என்ற இன்னொரு குழுவில் சொந்தப் பாட்டும் பாடிக்கொண்டிருந்தார். 2008-இல் யெஸ்ஸின் அசல் பாடகர் ஜான் ஆண்டர்சன் உடம்பு சரியில்லாமல் போக, பேஸ் கிட்டார் கலைஞர் கிறிஸ் ஸ்குவயர் யூட்யூபில் இவர் பாடுவதைப் பார்த்துவிட்டு அழைத்தார். அவ்வளவுதான். யார் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாரோ, அந்தக் குழுவுக்கே பாடகர். இந்த மாதிரி கதை சினிமாவுல வந்தா இன்டர்வல்ல விசில் பறக்கும்.

ஆனா இன்டர்வலுக்கு அப்புறம்? ஆண்டர்சனுக்கு அது மனவருத்தம், வெளிப்படையாகவே சொன்னார். 2011-இல் 'ஃப்ளை ஃப்ரம் ஹியர்' என்ற புது ஆல்பம் டேவிட்டின் குரலில் வந்தது. அப்புறம் டேவிட்டுக்கு மூச்சுத் தொந்தரவு. அடுத்த வருஷம் அவரும் குழுவில் இல்லை. அவர் இடத்துக்கு வந்த ஜான் டேவிசனும் ஒரு யெஸ் டிரிப்யூட் குழுவில் பாடியவர்தான். அவரைப் பரிந்துரைத்தவர், சின்ன வயசுச் சிநேகிதர், ஃபூ ஃபைட்டர்ஸின் டிரம்மர் டெய்லர் ஹாகின்ஸ்.

2018-இல் அந்த ஆல்பம் இன்னொரு வடிவத்தில் மறுபடி வந்தது. அதே பாட்டுகள். ஆனால் முதன்மைக் குரலை, அந்த ஆல்பத்தைத் தயாரித்த ட்ரெவர் ஹார்ன் தானே புதிதாகப் பாடியிருந்தார். அசல் குழுவோடு டேவிட் பாடிய ஒரே ஸ்டுடியோ ஆல்பம், அதுவும் அவர் குரல் இல்லாமல் வெளிவந்தது. பழைய வடிவமும் இருக்கத்தான் இருக்கு, ரெண்டையும் கேக்கலாம். நான் ஒரே ராத்திரியில ரெண்டையும் கேட்டேன். ஹார்ன் நல்லாத்தான் பாடுறார். ஆனாலும் அன்னைக்குத் தூக்கம் சரியா வரலை.

ஏன்னா எனக்கு இது வெறும் ரசிகன் பிரச்சனை இல்ல. எனக்கு வேலை கிடைச்சிருக்கு. கம்பெனி பேர் வேண்டாம். இன்டர்ன்ஷிப்லயே ப்ராஜெக்ட் சொல்லிட்டாங்க: நான் பிறக்குறதுக்கு முன்னாடி யாரோ எழுதின ஒரு பேங்க் சாஃப்ட்வேரைப் பாத்துக்கணும். சப்போர்ட். எழுதினவங்கள்ல பாதிப் பேர் ரிடையர் ஆகிட்டாங்க, டாக்குமெண்ட் பாதி காணோம். ஏதாவது ஒரு வரியை மாத்தணும்னா முதல்ல அந்த ஆள் ஏன் அப்படி எழுதினார்னு கண்டுபிடிக்கணும். சொந்தக்காரங்க கல்யாணத்துல பெரியப்பா பையன் கேட்டான்: "அப்ப நீ சொந்தமா எதுவும் பண்ண மாட்டியா?" அவன் ஸ்டார்ட்-அப் வெச்சிருக்கான். நான் சாம்பார் கேட்டு வாங்கிக்கிட்டேன், பதில் சொல்லலை.

இப்ப யோசிச்சா பதில் ரெண்டு பாகமா வருது. ஒண்ணு: சொந்தமா பண்றது மட்டும்தான் வேலைன்னு சொன்னா, 'லேம்ப்' நிகழ்ச்சி 1975-லயே செத்துப்போயிருக்கும். அதைப் பாத்துக்க ஆள் வேணும்; அந்த ஆளுக்கு, செஞ்சவனுக்கு இருந்த அளவு திறமை வேணும், பொறுமை அவனை விட அதிகமா வேணும். இதை நான் சமாதானத்துக்குச் சொல்லலை, விரல் வலியோட சொல்றேன்.

ரெண்டாவது பாகம் அவ்வளவு சுகமா இல்லை. அடுத்தவங்க வீட்டை எவ்வளவு நல்லா பாத்துக்கிட்டாலும், சாவி அவங்க கையிலதான் இருக்கும். லைசென்ஸ் கொடுக்குறதும் அவங்க, ஸ்லைடு கொடுக்குறதும் அவங்க, குரலை மாத்துறதும் அவங்க. டேவிட் திறமை குறைஞ்சவர் இல்லை. அது அவர் வீடு இல்லை, அவ்வளவுதான். அதே டேவிட்டுக்கு 'மிஸ்டரி'ன்னு இன்னொரு குழுவும் இருந்துச்சுங்குறதை நான் கவனிச்சு வெச்சுக்கிட்டேன். அங்கே அவர் பாடின பாட்டுகள் யாரோ ஒருத்தரோட நிழல்ல நிக்கலை.

அதனால ஜூலைல நான் ஜாயின் பண்றேன். அந்தப் பழைய கோடை ஒழுங்காப் படிப்பேன், எழுதினவரோட கூச்சத்தையும் சேர்த்து. வார நாள் அதுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் எனக்கு. ரூம்மேட்டுக்கும் அதே ஊர்லதான் போஸ்டிங். மிருதங்கத்தை வீட்டுல இருந்து எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன். தகிட தக தகதிமி மேல ஒரு ட்யூன் ஓடிக்கிட்டிருக்கு, இன்னும் நாலு வரி கூட ஆகலை.

நீங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னைக்கு ராத்திரி 'சப்பர்ஸ் ரெடி'யைப் போடுங்க. பதினாறாவது நிமிஷம் வாக்கில் அந்த ஒன்பது ஆரம்பிக்கும். தொடையில தட்டி எண்ணிப் பாருங்க. மூணு, ரெண்டு, நாலு. விட்டுப்போனா திரும்ப முதல்ல இருந்து. அடுத்த கல்ச்சுரல்ஸ்ல ஏதோ ஒரு ஜூனியர் மேடை ஏறி "இது கவர்தான்"னு தயங்கித் தயங்கிச் சொல்லுவான். அப்ப முகத்தை இறக்காம, அவன் விரலைப் பாருங்க.