மல்லாட்டை மூட்டை போன கடல்

எங்கள் தாத்தாவுக்குப் புதுச்சேரி என்றால் மல்லாட்டை மூட்டை போய்ச் சேருகிற ஊர். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. திண்டிவனத்தைச் சுற்றியுள்ள மானாவாரிக் கொல்லைகளில் ஆடியில் விதைத்து, மழைக்கும் பன்றிக்கும் தப்பியதை ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கி, காயவைத்து, சாக்கில் கட்டி, வண்டியில் ஏற்றித் தென்கிழக்கே ஓட்டிக்கொண்டு போவது அவருடைய அப்பா காலத்துப் பிழைப்பு. சிறுவனாக மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனவர் தாத்தா. எங்கள் ஊரில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான கடலை ரகங்களின் பெயரில் வரும் டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 ஆந்திரா, கர்நாடகம் வரை பரவியது. அதற்கெல்லாம் முன்பிருந்தே எங்கள் பக்கத்துக் கடலை கப்பல் ஏறிக்கொண்டிருந்தது.

எழுபதுகளின் கடைசியில், ஒரு கோடை விடுமுறையில், "வாடா, கப்பல் நின்ன எடத்தக் காட்டறேன்" என்று என்னை விடியற்காலை பஸ்ஸில் ஏற்றினார். நாற்பது கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவான தூரம். ஓமந்தூர் வந்ததும் "நம்ம ரெட்டியார் ஊரு" என்று எழுந்து பார்த்தார். சுதந்திரம் வந்த சமயத்தில் சென்னை மாகாண முதல்வராக இருந்த ராமசாமி ரெட்டியார்மேல் அவருக்கு அப்படியொரு மதிப்பு. கிளியனூர், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு, மொரட்டாண்டி என்று செம்மண்ணும் பனையுமாகப் போய், கோரிமேட்டில் பஸ் நின்றபோது தாத்தா குரலைத் தாழ்த்தினார். 1954 வரைக்கும் அதற்கு அப்பால் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. இந்தப் பக்கம் சுங்கக்காரன் குத்தூசியால் ஒவ்வொரு மூட்டையையும் குத்திப் பார்ப்பானாம். உள்ளே கடலை தவிர வேறு ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று. "குத்துன ஓட்டையில கொட்டுன மல்லாட்டைய பொறுக்கறதுதான் எனக்கு வேல" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிரில் சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர். நான் அவரையே பார்த்துக்கொண்டு நடந்தேன். நேரு வீதியில் கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பெரிய மார்க்கெட்டில் மீன்கூடைத் தண்ணீர் வாசல் வரை ஓடிவந்தது. அந்தப் பகுதியிலெல்லாம் வீட்டுக்கு வீடு திண்ணை, திண்ணைக்கு மேல் ஓடு வேய்ந்த தாழ்வாரம், அதைத் தாங்கும் மரத்தூண்கள். தாத்தா இரண்டு தெருவுக்கு ஒரு திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி, காலைத் தேய்த்துவிட்டுக்கொள்வார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு வீட்டம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எந்த ஊரு பெரியவரே?" என்று விசாரித்தார். ரங்கப்பிள்ளை வீதியைக் காட்டி, "இங்கதான் துபாஷி இருந்தாரு" என்றார் தாத்தா. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வலதுகையாகவும் இருந்து, 1736 முதல் தன் கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் தமிழில் நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளையைப் பிற்பாடு படித்தபோதுதான், தாத்தா எவ்வளவு பெரிய மனிதரை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போனார் என்று தெரிந்தது.

பிறகு பெரிய வாய்க்கால் வந்தது. நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினோம். தாண்டியதும் ஊரே மாறிவிட்டது. தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகக் கடலை நோக்கி ஓடின. அந்தக் கட்டத்தைப் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். 1693-ல் ஊரைப் பிடித்து ஆறே வருடம் வைத்திருந்தவர்கள். 1761-ல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரர் இருந்த வெள்ளை நகரத்தை இடித்துத் தள்ளியும் தெருக்கோடு அழியவில்லை. அதே கோட்டில் திரும்பக் கட்டினார்கள். துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி என்று பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய பலகைகளை நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். மஞ்சள் சுவர்கள், சுவரைத் தாண்டி வழியும் காகிதப்பூ, எங்கிருந்தோ ரொட்டி வேகும் வாசனை. தாத்தா மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டே வந்தார். அங்கே ஒரு திண்ணைகூட இல்லை. உயரமான மதில், மூடிய கதவு, அதற்கப்புறம் மறுபடி மதில். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வழிப்போக்கனுக்கு இடம் வைத்துக் கட்டியிருந்தார்கள், அந்தப் பக்கம் வைக்கவில்லை. இரண்டு நகரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனையோ புத்தகங்களில் படித்துவிட்டேன். தாத்தாவின் கால் வலிதான் அதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கல்தூண்கள். என்னை முதல் தூணுக்கு முன்னால் நிறுத்தி, "இத தொட்டுப் பாரு. இது நம்ம பக்கத்துக் கல்லு" என்றார்.

அம்மா பிறந்த ஊர் செஞ்சிக்குப் பக்கம். ராஜகிரியின் கீழே வேங்கடரமணர் கோயிலுக்கு மாமாவோடு பலதடவை போயிருக்கிறேன். சாமி இல்லாத கருவறையும், இடைவெளி விழுந்த மண்டபங்களும் நினைவில் இருந்தன. பல்வரிசையில் பல் விழுந்ததுபோல் இருக்கும் அந்த இடைவெளி. 1750-ல் பிரெஞ்சுப்படை செஞ்சிக் கோட்டையைப் பிடித்தது; பதினோரு வருடம் அவர்கள் கையில் இருந்தது. அப்போது பெயர்த்துக்கொண்டு வந்த தூண்கள் இவை. 1870-ல் இதே இடத்தில் டூப்ளேவுக்குச் சிலை வைத்தபோது சுற்றிலும் இவற்றை நிறுத்தினார்கள். டூப்ளே போய்க் காந்தி வந்தார். தூண்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

தொட்டேன். எட்டுகிற உயரம்வரை ஆட்கள் கை பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. அதற்கு மேலே உப்புக்காற்று அரித்துச் சொரசொரவென்று, செதுக்கியவனின் உளிக்கோடுகள் மழுங்கியிருந்தன.

"யாரு தாத்தா தூக்கியாந்தாங்க? வெள்ளக்காரனா?"

"அவன் எங்க தூக்கனான்? நம்ம மாடு இழுத்துகினு வந்துது. நம்ம ஆளு ஓட்டிகினு வந்தான்."

செஞ்சியிலிருந்து அங்கே வர எப்படியும் எழுபது கிலோமீட்டர் ஆகும். ஒற்றைக்கல் தூணை ஏற்றிய வண்டி அந்தக் காலத்துப் பாதையில், ஓடையும் ஏரிக்கரையும் தாண்டி எப்படி வந்திருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

தாத்தா காட்ட வந்தது கடலுக்குள் இருந்தது. அலை இறங்கும்போது துருப்பிடித்த இரும்புக் கால்கள் வரிசையாகத் தலைகாட்டின. அதுதான் பழைய பாலம். புதுச்சேரியில் கப்பல் கரையை ஒட்டி வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைச் சலங்கில் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஆணி அடிக்காமல் பலகையைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும், உடையாது. 1860-களில் இரும்புப் பாலம் போட்டபின் கடலுக்குள் நடந்துபோய் மூட்டையை இறக்க வழி பிறந்தது. அதே சமயம் சூயஸ் கால்வாயும் திறந்தது. எங்கள் தென்னார்க்காடு மாவட்டத்து மல்லாட்டை பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய், அங்கே ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆனது. 1908 முதல் பத்து வருடம் பாரதியார் இந்த ஊரில் இருந்தபோது, அவர் உலாவிய இதே கரைக்குத்தான் எங்கள் பக்கத்து வண்டிகளும் வந்துகொண்டிருந்தன.

"பாலத்துமேல ஆளுங்க எறும்பாட்டம் போவாங்க. முதுகுல மூட்ட. திரும்பி வர்றப்ப வெறுங்கை. எண்ணி எண்ணி ஒருத்தன் கட்டையில கோடு போடுவான்." 1952 புயலில் பாலம் விழுந்த சேதி ஊருக்கு வந்தபோது தாத்தா அன்று சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்லியிருக்கிறாள்.

1836-லிருந்து எரிந்த பழைய கலங்கரை விளக்கத்தையும், முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னத்தையும் அவசரமாகப் பார்த்தோம். பசி வந்துவிட்டது. மதியத்துக்குள் பஸ் ஏற வேண்டும்.

அன்று நான் ஓடி விளையாடிய அகலமான மணல் பிறகு போய்விட்டது. எண்பதுகளின் கடைசியில் தெற்கே துறைமுகம் கட்டி, வடக்கே போகிற மணலை அது தடுத்துவிட்டதால் கரை அரித்தது. கருங்கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள். சில வருடங்களுக்கு முன் கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு போட்டதில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பாலத்தின் கால்கள் இன்னும் தெரிகின்றன. அதற்கு நேரே கரையில் ஒரு கல் நட்டு, தென்னார்க்காட்டு மல்லாட்டை இந்த வழியாகக் கப்பல் ஏறியது, முதுகில் சுமந்து ஏற்றியவர்கள் இந்த மண்ணின் ஆட்கள் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தெருப்பெயரையே இரண்டு மொழியில் எழுதி வைத்திருக்கிற ஊர் அது. இதையும் தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதட்டும்.