உருளும் இல்லம்

வீடென்பது நின்ற இடத்தில் நிற்பது. வண்டியென்பது நின்ற இடத்தில் நில்லாதது. இவ்விரண்டையும் ஒன்றாக்கும் எண்ணம் மேனாட்டார்க்கு என்று தோன்றியதோ, அன்றே அவ்விணைப்பினால் வரும் தொல்லைகளும் தோன்றிவிட்டன போலும். 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் பிரித்தானியக் கடற்படை மருத்துவர், 'வாண்டரர்' என்னும் பெயருடைய வீட்டுவண்டி ஒன்றைச் செய்வித்துக் குதிரை பூட்டி நாடு சுற்றினார். 1910-இல் அமெரிக்க நாட்டுப் பியர்ஸ் ஆரோ கம்பெனியார் படுக்கையும் கைகழுவும் தொட்டியும் அமைந்த மோட்டார் வண்டியைக் காட்சிக்கு வைத்தனர். 1919-இல் பிளாரிடா மாகாணத்திலே இத்தகைய வண்டிகளில் வாழ்ந்து திரிந்தோர் தமக்கென ஒரு சங்கமே நிறுவித் 'தகரக் குவளைப் பயணிகள்' எனப் பெயரும் சூட்டிக்கொண்டனர். அவையெல்லாம் செல்வர்க்கும் ஓய்வுடையார்க்கும் உரியன. யாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவற்றைப் பற்றியன்று. மில்லர்புரத்தில் எம் இல்லத்தின் அயலிலே, ஓட்டமில்லா நாட்களில் வேப்பமர நிழலில் நிற்கும் ஓர் உப்பு லாரியைப் பற்றியது.

லாரியை வீடென்று கூறுதல் மிகையெனக் கருதும் அன்பர் எம் தாய்மாமனுடன் ஒருமுறை பெங்களூர் வரை சென்று மீள்வாராக. இருக்கைக்குப் பின்னே ஓர் ஆள் படுக்கும் பலகை. அதன் மேல் ஒரு சிறு விசிறி. காலடியில் தண்ணீர்க் கேன். வண்டியின் பக்கவாட்டிலே அரிசியும் மிளகாய்த் தூளும் ஐந்து கிலோ எரிவாயு உருளையும் அடுப்பும் அடங்கிய இரும்புப் பெட்டி. மாதத்தில் இருபது இரவுகள் அவர் உறங்குவது அங்கே. எம் அத்தை, "உங்க மாமாவுக்கு ரெண்டு வீடு, ஒண்ணுக்கு வாடகை, ஒண்ணுக்கு டீசல்" என்பார்.

இவ்வுருளும் இல்லத்திற்குத் தூத்துக்குடியிலே ஒரு தனிப் பகை உண்டு. அஃது உப்பு. நம் நாட்டில் குஜராத்திற்கு அடுத்தபடியாக உப்பு விளைவது நம் மாவட்டமே என்பதைப் பெருமையுடன் கூறுவோம். அப்பெருமையைச் சுமந்து செல்லும் இரும்பின் நிலையை எவரும் கூறுவதில்லை. உப்பிலே கலந்துள்ள மக்னீசிய உப்புக்கள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் கசியும் இயல்பின. கசிந்த நீர் பலகை இடுக்கு வழியே சேஸிஸின் மேல் சொட்டும். காய்ந்து மீண்டும் நனையும். இரும்பு துருவேறுதற்கு இதனினும் ஏற்ற சூழலை வேண்டிப் பெறவும் இயலாது. அதனாலேயே மாமா ஒவ்வொரு பாரமும் இறக்கியபின் வண்டியின் அடிப்பாகத்தை நன்னீரால் கழுவுவார். நன்னீருக்குத் தட்டுப்பாடுள்ள ஊரிலே, குடிநீர் லாரிக்காரரிடம் விலைகொடுத்து வாங்கிய நீரை வண்டிக்கு வார்க்கும் அவரை அயலார் நகைப்பதுமுண்டு.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம் மாவட்டத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பொழிந்தது. ஓராண்டு முழுதும் பெய்யவேண்டியதனினும் மிகுதி அது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலே திருச்செந்தூரினின்று புறப்பட்ட இரயில் வண்டி வெள்ளத்தின் நடுவே நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் அதனையே இல்லமாகக் கொள்ள நேர்ந்தது. எம் தெருவிலும் நீர் புகுந்தது. முழங்காலளவு ஏறியபொழுது மாமா வேறொன்றும் பேசாமல் ஆச்சியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். லாரி அன்று மேட்டுச் சாலையோரத்தில் வெறுமையாய் நின்றது. ஆச்சி, அத்தை, எம் அன்னை, அத்தை மக்கள் இருவர், அயல் வீட்டார் நால்வர், யாம் என அவ்விரவு அதில் ஏறியோர் தொகை பத்தாயிற்று. பின்புறத் தட்டிலே தார்ப்பாய் கட்டப்பட்டது. மூன்று இரவுகள் அங்கே வாழ்ந்தோம்.

முதற் பூசல் அடுப்பைப் பற்றி எழுந்தது. வெளியே காற்றும் மழையும் அடுப்பை எரியவிடவில்லை. முன்னறையின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு அதனுள்ளே கஞ்சி காய்ச்சலாமென்பது பெண்டிர் கருத்து. குழந்தைகள் பசியால் அழுதனர். மாமாவோ, "பட்டினி கெடந்தாலும் கெடங்க, அடைச்ச இடத்துல தீ வைக்க விடமாட்டேன்" என்று சாவியை மடியில் செருகிக்கொண்டார். அவர் கடுமையை அன்று யாமும் வெறுத்தோம். காரணம் பின்னரே விளங்கிற்று. சமையல் வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையிலே குளம்போல் தேங்கி நிற்கும். ஒரு பொறி போதும். கசிவில்லாவிடினும் இடரே. மூடிய சிற்றறையிலே எரியும் தீக்குப் போதிய காற்றில்லையேல் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, தலைவலியும் தூக்கமும் அதன் அறிகுறிகளுட் சில. களைத்திருப்போர்க்கு இவ்விரண்டும் இயல்பாகத் தோன்றுமாதலின் ஐயமே எழாது.

இதனை மிகையென எண்ணுவோர்க்கு ஒரு செய்தி. மறு ஆண்டு, 2024 டிசம்பரில், கேரளத்து வடகரையிலே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த சொகுசு வீட்டுவண்டி ஒன்றினுள் இருவர் மாண்டு கிடந்தனர். ஜெனரேட்டரினின்று எழுந்த அந்நஞ்சே உள்ளே புகுந்து அவர்களைக் கொன்றதெனப் பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். குளிர்சாதனமும் மெத்தையும் உடைய வண்டி அது. அச்செய்தியை யாம் படித்துக் காட்டியபொழுது மாமா வெற்றிலையை மென்றவாறே, "புகைக்குப் பணக்காரன் ஏழைன்னு தெரியுமா" என்றார்.

வெள்ளத்திற்கு மீள்வோம். அடுப்பு முடிவிலே தார்ப்பாயின் அடியில், இரு புறமும் திறந்துவிட்டு, பழைய கதவுப் பலகையொன்றைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி மூட்டப்பட்டது. அதற்குமுன் மாமா சோப்பு நுரையைக் குழாய் இணைப்புக்களில் தடவி, குமிழி எழுகின்றதா எனக் கைவிளக்கைக் கொண்டு நோக்கினார். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடும் வீரர் நம் ஊரில் பலருண்டு; அவர்தம் புருவங்களே சான்று கூறும்.

உண்மையான அச்சம் இரண்டாம் இரவில் வந்தது. ஆச்சிக்கு நெடுநாளாக இழுப்பு நோய். மருந்தை நுண்துளிகளாக்கி மூச்சில் ஏற்றும் நெபுலைசர் என்னும் கருவி நாளொன்றுக்கு நான்கு முறை வேண்டும். ஊரில் மின்சாரமில்லை. லாரியின் பாட்டரியோடு இணைத்த இன்வெர்ட்டர் ஒன்றே துணை. முதல் நாள் அஃது ஒழுங்காக இயங்கிற்று. இரண்டாம் நாள் இரவு, கருவியை இயக்கிய கணமே இன்வெர்ட்டர் 'கீ கீ' என ஓலமிட்டு அணைந்தது. மீண்டும் இயக்கினோம், மீண்டும் அணைந்தது. ஆச்சியின் மூச்சு, நைந்த துருத்தியின் ஓசைபோல் இருட்டிலே கேட்டது.

"பாட்டரி செத்துப்போச்சு" என்றார் அயல் வீட்டார் ஒருவர். பலரும் அதனையே வழிமொழிந்தனர். அங்ஙனம் கூறுதற்குக் காரணமுமிருந்தது. அன்று பகலெல்லாம் அத்தெருவின் கைப்பேசிகள் அனைத்தும் அப்பாட்டரியிலேதான் உயிர் பெற்றன. இயந்திரத்தை இயக்கினால் டைனமோ பாட்டரியை நிரப்புமன்றோ என்று மாமா சாவியைத் திருகினார். செல்ப் எடுக்கவில்லை. 'டிக், டிக்' என்னும் ஒலி மட்டும் எழுந்தது. இப்பொழுது எல்லோர்க்கும் ஐயம் தீர்ந்தது: பாட்டரியே குற்றவாளி.

மாமாவுக்குத் தீரவில்லை. பெட்டியினின்று மல்ட்டிமீட்டரை எடுத்தார். லாரியிலே 12 வோல்ட்டுப் பாட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட்டு அளிக்கின்றன. முழுதும் நிறைந்து ஓய்ந்திருக்கும்பொழுது இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 25.4 காட்டும், 24-க்குக் கீழே போனால் வறுமை. பாட்டரி முனைகளில் வைத்தார்: 24.8. "இதுல தெம்பு இருக்கு மருமவனே. நெபுலைசரைப் போடு, அணையுறதுக்குள்ள பாத்துருவோம்" என்றார். யாம் இயக்கினோம். பாட்டரி முனையில் 24.6. பெரிதும் குறையவில்லை! அடுத்தமுறை மீட்டரை இன்வெர்ட்டரின் முனைகளில் வைத்து நோக்கினார்: 20.5 எனக் காட்டி, ஓலமிட்டு அணைந்தது. பாட்டரி கொடுக்கின்றது, இன்வெர்ட்டர்க்கு வந்து சேரவில்லை. இடையிலே நான்கு வோல்ட்டினை எவனோ கவர்கின்றான்.

யாம் தமிழ் பயில்பவராதலின் எமக்கு அவ்வேளையிலும் ஒன்று தோன்றிற்று, அன்பர்கள் பொறுத்தருள்க. புணர்ந்து நிற்கும் தொடரிலே பொருள் மயங்குங்கால், முழுத்தொடரையும் குற்றம் கூறாமல், எவ்விரு சொல்லின் இடையே மயக்கம் பிறக்கின்றது எனப் பிரித்துப் பிரித்து நோக்குவார் எம் ஆசிரியர். மாமா அதையே மீட்டரின் இரு முள்ளைக் கொண்டு செய்தார். நேர்முனை வயரின் தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டையும் வைத்தார். இடைவெளி ஏறக்குறைய இல்லை. அவ்வழி தூயது. பின்னர் ஒரு முள்ளைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை வண்டியின் சேஸிஸ் இரும்பிலும் வைத்து, "போடு" என்றார். நான்கு வோல்ட்டு. ஒரு பத்தில் ஒரு பங்கு வோல்ட்டுக்கூட இருத்தலாகாத இடத்திலே நான்கு!

மோட்டார் வண்டிகளில் ஒவ்வொரு விளக்கிற்கும் இரண்டு வயர் செல்வதில்லை. ஒன்றே செல்லும், திரும்பும் வழி வண்டியின் இரும்புடலே. அவ்வுடலினின்று பாட்டரிக்கு மின்சாரத்தை மீட்டுக் கொணரும் தடித்த வயரினை ஓட்டுநர் 'பாடி எர்த்' என்பர். இன்வெர்ட்டரின் எதிர்முனையும் வண்டியை முன்னே வாங்கியிருந்தவரால் அவ்வுடலிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. விளக்கும் விசிறியும் சிறிதளவே மின்சாரம் கொள்வனவாதலின் துருவின் வழியேயும் எரிந்தன. நெபுலைசர் இன்வெர்ட்டரின் வாயிலாக ஏழு ஆம்பியர் அளவு கேட்டது. ஸ்டார்ட்டரோ நூற்றுக்கணக்கில் கேட்பது. குறுகிய வாயிலில் ஒருவர் நுழையலாம். ஊர்வலம் நுழைய இயலுமா?

மாமா மழையிலே சேஸிஸின் அடியிற் புகுந்தார். யாம் கைவிளக்கைப் பிடித்தோம். பூட்டாணியைச் சுற்றிலும் வெண்மையும் செம்மையுமாக உப்பும் துருவும் சேர்ந்து பூத்திருந்தன. தொட்டவுடன் வயரின் நுனி பொடியாய் உதிர்ந்தது. அதனைச் செப்பனிடற்கு அவ்விருளில் பொழுதில்லை. மேலே ஆச்சியின் இருமல் நின்று நின்று எழுந்தது. நிற்கும் இடைவெளியே இருமலினும் அச்சந் தந்தது. மற்ற வண்டிகளுக்கு உயிரூட்டும்பொருட்டு வைத்திருந்த ஜம்பர் வயர் ஒன்றை மாமா எடுத்தார். சேஸிஸிலே ஓரிடத்தை உப்புத்தாள் கொண்டு வெள்ளிபோல் மின்னத் தேய்த்து ஒரு முனையை அங்கே கவ்வவைத்து, மறு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலே கவ்வவைத்தார். "இப்பப் போடு."

நெபுலைசர் இரைந்தது. அவ்விரைச்சலினும் இனிய இசையை யாம் கேட்டதில்லை. கால் மணி நேரம் எவரும் பேசவில்லை. ஆச்சி மூடியை விலக்கி முதலிற் கூறியது, "எல்லாவனும் ஏன் முழிச்சிக்கிட்டுக் கெடக்கிய? தூங்குங்க" என்பதே. பின்னர்ச் சாவியைத் திருக, இயந்திரமும் ஒரே முயற்சியில் எழுந்தது. புகைபோக்கியின் பக்கத்துத் தார்ப்பாயை மேலே சுருட்டிக் கட்டிய பின்னரே மாமா அதனை அரைமணி நேரம் ஓடவிட்டார்.

வெள்ளம் வடிந்தபின் நிகழ்ந்த செப்பனிடுதலையும் கூறவேண்டும். செய்யும் முறையில் ஒரு நுட்பமுண்டு. பாட்டரியைக் கழற்றுங்கால் எதிர்முனையை முதலிற் கழற்றவேண்டும். பூட்டுங்கால் அதனை இறுதியிற் பூட்டவேண்டும். மாறிச் செய்தால், நேர்முனையிலிருக்கும் ஸ்பானர் வண்டியின் உடலைத் தீண்டிய கணமே தீப்பொறி பறந்து கையைச் சுடும். முனைகளிற் பூத்த வெண்பூவை ஆப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவினோம். சோடா நீர் உள்ளே புகாவண்ணம் பாட்டரி மூடிகளை இறுக்கினோம். உலர்ந்தபின் பூட்டி, மேலே வாசலின் தடவினோம். பூட்டுமுன் தடவுவதா, பூட்டியபின் தடவுவதா என மாமாவும் பட்டறைக்காரரும் ஒரு தேநீர் ஆறும்வரை வாதிட்டனர். இன்வெர்ட்டர்க்கு இரு வயர்களும் நேரே பாட்டரியினின்றே வருமாறு மாற்றப்பட்டது. நேர்முனை வயரிலே, பாட்டரிக்கு அருகில் ஒரு பியூஸும் அமைந்தது. பியூஸ் போனால் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிப் போடும் வழக்கம் நெடுஞ்சாலையெங்கும் உண்டு. அங்ஙனம் செய்வது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதாம்.

2025 அக்டோபர் முதலாகச் செய்யப்படும் பெரிய லாரிகளின் முன்னறையிலே குளிர்சாதனம் கட்டாயம் இருக்கவேண்டுமென அரசு விதித்துள்ளது. நல்ல விதியே, சித்திரை வெயிலில் இயந்திரத்தின் அருகே அமர்ந்திருப்பவர் அதன் அருமையை அறிவர். எம் மாமாவின் வண்டி அதற்கு முற்பட்டதாதலின் அவர்க்கு இன்னும் அச்சிறு விசிறியே.

அவ்வண்டியிலே இப்பொழுது பாடி எர்த் ஒன்றன்று, இரண்டு. வெவ்வேறு இடங்களிற் பூட்டியவை. மாமா ஓட்டம் முடிந்து வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தும்பொழுதெல்லாம், திண்ணையிலிருக்கும் ஆச்சி 'சாப்பிட்டாயா' என வினவுமுன் வினவுவது வேறு: "ஏல, அந்த எர்த்தப் பாத்தியா?"