ஆனையிறவில் ஓர் இரும்பு வண்டி

ஆனையிறவு என்ற பெயரைக் கேட்டதும் உப்பை நினைப்பவர் ஒரு தலைமுறையினர். போரை நினைப்பவர் அதற்கு அடுத்த தலைமுறையினர். பாரிசு மாநகரிற் பிறந்து வளர்ந்த என் தங்கை மகனுக்கோ அப்பெயர் வேறொன்றை நினைவூட்டியது. பதினாறு வயதினனாகிய அவன் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் எம்மிடம் வந்திருந்தான். வந்த மூன்றாம் நாட் காலையில், தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடியே, “மாமா, ஆனையிறவிலை ஒரு கவச புல்டோசர் நிக்குதாம். அதைப் பாக்க வேணும். ஏலுமெண்டால் அளக்கவும் வேணும்” என்றான்.

அளப்பது எதற்கென்று வினவினேன். அப்போதுதான் விடயம் வெளிவந்தது. உலகெங்கும் உள்ள பிள்ளைகள் கணினியிற் கூடி ஆடும் போர் ஊர்தி விளையாட்டொன்று உண்டாம். அதிற் புதிய ஊர்தி எதனைச் சேர்க்கலாம் என்று ஆடுவோரே விண்ணப்பம் எழுதலாமாம். விண்ணப்பமென்றால் வெறும் விருப்பக் கடிதம் அன்று. ஊர்தியின் வரலாறு, நிறை, இயந்திர வலு, பீரங்கியின் வாயளவு, கவசத் தகட்டின் தடிப்பு, உள்ளே இருப்போர் தொகை என்று பரீட்சை விடைத்தாள்போல் ஒவ்வொன்றையும் ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். படையிற் சேராது முன்மாதிரியாகவே நின்றுபோன ஊர்திகளுக்கும் அங்கே இடமுண்டு.

அவன் முதலில் எழுதத் தொடங்கியது ஏ.எம்.எக்ஸ்-40 என்னும் பிரெஞ்சு டாங்கியைப் பற்றி. 1983ஆம் ஆண்டில் வெர்சாய் நகருக்கு அண்மையிலுள்ள சத்தோரிக் கண்காட்சியில் அது காட்டப்பட்டது. 120 மில்லிமீற்றர் பீரங்கியும் 1100 குதிரைவலு இயந்திரமும் கொண்டது. நிறை 43 தொன்னுக்கு மேல். வெளிநாடுகளுக்கு விற்பதற்கென்றே வகுத்த அந்த டாங்கியை எந்த நாடும் வாங்கவில்லை. நான்கே முன்மாதிரிகள் உருவாயின; அவ்வளவில் முயற்சி நின்றது. பிரெஞ்சுப் படைக்குப் பின்னர் வந்தது லெக்ளேர் என்னும் வேறொரு டாங்கி. இவற்றையெல்லாம் என் மருமகன் நம் பிள்ளைகள் திருக்குறள் ஒப்புவிப்பதுபோல ஒப்புவித்தான். இடையிலே இணையத்தில் ஆனையிறவுப் படமொன்றைக் கண்டிருக்கிறான். “இதுவும் கையாலை செய்த முன்மாதிரிதானே மாமா? எங்கடை ஊரிலை செய்தது. இதை ஒருத்தரும் எழுதேல்லை” என்றான்.

போரை விளையாட்டாக்குவதாவது என்று சினந்துகொள்ள என் வாய் திறந்தது. உடனே சதுரங்கம் நினைவுக்கு வர, திறந்த வாய் மூடிக்கொண்டது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நாற்படையையும் பலகைமேல் நிறுத்தி வெட்டி விளையாடிய மரபினர் அல்லவா நாம்! மறுநாட் காலை இருவரும் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறினோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஆனையிறவு ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்தால் தென்மராட்சி. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று மாவும் பலாவும் தென்னையும் நிழல் செய்யும் ஊர்கள். மிருசுவிலுக்கு அப்பால் நிழல் குறையத் தொடங்கும். முகமாலையில் முன்பு போர்முனை இருந்தமையால், தலையிழந்த பனைகளை நெடுங்காலம் அங்கே காணக்கூடியதாயிருந்தது. பளையைத் தாண்டும்போது, வீதிக்குக் கிழக்கே ஓர் ஒழுங்கையைச் சுட்டி, “உன் அம்மாவும் நானும் அங்கேதான் பிறந்தோம்” என்றேன். அவன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் ஒழுங்கை பின்னே போய்விட்டது.

இயக்கச்சி கழிந்ததும் நிலம் திடீரென்று தாழ்ந்து வெளிக்கிறது. இருபுறமும் ஆழமற்ற கடனீரேரி. நடுவே வீதியும் புகையிரதப் பாதையும் அருகருகே ஓடுகின்றன. ஒதுங்குவதற்கு ஒரு மரமில்லை. காற்றில் உப்பு. இந்த ஒடுங்கிய வழியைக் கையிற் கொண்டவன் குடாநாட்டின் கதவைக் கையிற் கொண்டவன் என்பதை உணர்ந்துகொள்ளப் படைநூல் கற்க வேண்டியதில்லை. பஸ்ஸின் யன்னலோரம் இருந்தாற் போதும்.

வன்னிக் காடுகளிற் பிடித்த யானைகளை ஒல்லாந்தர் காலத்தில் இவ்வழியாகவே குடாநாட்டுக்குட் கொண்டுவந்தனர். தென்னிந்திய வணிகர் அவற்றை ஏலத்தில் எடுத்துக் கப்பலேற்றிச் சென்றனர். ஒல்லாந்தர் இங்கே சிறு கோட்டையும் வைத்திருந்தனர். ஊர்ப்பெயரில் ஆனை வந்த காரணம் விளங்குகிறது. ‘இறவு’ என்பது யாது? இறத்தல் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் கடத்தல் என்று பொருள். ஆனைகள் கடந்து செல்லும் இடம் ஆனையிறவு. இன்று அச்சொல்லுக்கு நாமெல்லாம் அறிந்த பொருள் வேறு. இதனை மருமகனுக்கு விளக்கியபோது, “ரெண்டும் ஒரே சொல்லா?” என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தான்.

நீர்வெளியைக் கடந்து தென்கரையில் இறங்கினால், வீதியோரத்திலேயே நிற்கிறது அந்த இரும்பு வண்டி.

காடு வெட்டவும் மண் தள்ளவும் பயன்படும் சங்கிலிச் சக்கர புல்டோசர்தான் அது. அதன் உடலைச் சுற்றி இரும்புத் தகடுகளைப் பொருத்திப் பெட்டியாக்கியிருக்கிறார்கள். டாங்கிக்கு உரிய சுழல் மேடையும் நீண்ட பீரங்கியும் இல்லை. தொழிற்சாலை ஒன்றிற் பிறந்த பொருளுக்குரிய ஒழுங்கு எதனையும் அதிற் காணமுடியாது. பட்டறையிற் காய்ச்சி, வெட்டி, ஒட்டிய கைவேலை என்பது பார்த்த மாத்திரத்திற் புலப்படும். எனக்கு அது அவலட்சணமாகவே தோன்றியது. என் மருமகனோ மெய்ம்மறந்து நின்றான்.

“இதைப்போலை ஒண்டை நான் பார்த்திருக்கிறன் மாமா” என்றான். பிரான்சிலே சோமூர் என்னும் ஊரில் கவச ஊர்திகளுக்கென ஓர் அரும்பொருட் காட்சிச்சாலை இருக்கிறது. ஏ.எம்.எக்ஸ்-40இன் முன்மாதிரி ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதே கூரையின்கீழ், பிரான்சின் முதலாவது டாங்கியாகிய ஷ்னைடரும் நிற்கிறது. முதல் உலகப் போரின் பதுங்கு குழிகளையும் முட்கம்பிகளையும் தாண்ட வழிதேடிய பிரெஞ்சுக்காரர், அமெரிக்க ஹோல்ற் நிறுவனத்தாரின் வயல் உழும் சங்கிலிச் சக்கர உழவு இயந்திரத்தை வாங்கி, அதன்மேல் இரும்புப் பெட்டியொன்றைக் கவிழ்த்தனர், ஷ்னைடர் பிறந்தது. 1917 ஏப்ரில் 16ஆம் நாள் பெரி-ஓ-பக் என்னுமிடத்தில் நூற்றுக்கு மேற்பட்டவை முதன்முறையாகக் களம் புகுந்தன. எறிகணை பட்டதும் எரிபொருள் தீப்பற்ற, மிகப் பல உள்ளிருந்த வீரரோடு எரிந்தன. அப்படையை நடத்திச் சென்ற தளபதி பொசுவும் அன்றே தம் டாங்கியில் மாண்டார்.

ஆகவே, ஆனையிறவுப் பட்டறைக்காரர் எவரையும் பார்த்து எழுதாமலே அதே விடையைத்தான் எழுதியிருக்கிறார்கள். உழவுக்கும் மண் வேலைக்கும் பிறந்த இயந்திரம், எழுபத்துநான்கு ஆண்டு இடைவெளியில் இரு கண்டங்களில் ஒரே பாட்டைப் படித்திருக்கிறது. பையனின் கண்கள் ஒளிர்ந்தன; விண்ணப்பத்துக்கு அருமையான முன்னுரை கிடைத்துவிட்டதல்லவா!

அவன் கைப்பேசியிற் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் 1991ஆம் ஆண்டில் நின்றேன். அவ்வாண்டு யூலை 10ஆம் நாள், விடுதலைப் புலிகள் ஆனையிறவுப் படைமுகாமைத் தாக்கத் தொடங்கினர். முகாமைச் சுற்றி வெட்டவெளி. வெட்டவெளியைக் கடப்பதற்குத்தான் இந்தக் கவசம். யூலை நடுப்பகுதியில் இது முகாமின் காவலரணை நோக்கி முன்னேறியபோது, சிங்க றெஜிமென்டைச் சேர்ந்த காமினி குலரத்ன என்னும் ஹசலக்க ஊர் இளைஞர் இதன்மேல் ஏறி, கைக்குண்டுகளை உள்ளே எறிந்து இதனை நிறுத்தினார், தாமும் உயிரிழந்தார். இராணுவத்தின் அதியுயர் விருதாகிய பரம வீர விபூஷண முதன்முதலில் அவருக்கே வழங்கப்பட்டது. அவருடைய நினைவாகவே இவ்வண்டி இங்கே வைக்கப்பட்டிருக்கிறது. வெற்றிலைக்கேணிக் கரையில் இறங்கிய படையினர் ஓகஸ்ட் தொடக்கத்தில் முகாமை வந்தடைந்தனர். அதற்குள் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பின்னர் 2000 ஏப்ரிலில் முகாம் புலிகள் வசமாயிற்று. 2009 சனவரியில் மீண்டும் இராணுவத்தின் வசமாயிற்று. இவ்வளவும் புத்தகத்தில் உள்ளவை.

பதினொரு வயதுச் சிறுவனாக நான் அறிந்தது வேறு. இரவில் பளையில் எங்கள் வீட்டு யன்னற் கதவுகள் தாமே அதிரும். மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையாற் சுற்றி, அதன் டைனமோவில் வானொலி கேட்போம். சுற்றுவது என் வேலை. கை சோர்ந்தாற் செய்தியும் சோர்ந்துவிடும். அந்தச் சைக்கிளை எனக்கு ஓடப் பழக்கியவர் அண்டை வீட்டு அண்ணன் ஒருவர். அந்த மாதம் அவரும் போனார். எந்த நாள், எந்த இடம் என்று அவருடைய தாயாருக்கு ஒருவரும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் அவர் படலையிற் கொண்டி போடாமலே படுத்தார்.

இதனை என் மருமகனுக்குச் சொல்லலாமா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, தெற்கிலிருந்து வந்த வான் ஒன்று நின்றது. தகப்பன், தாய், மாமியார், இரு பிள்ளைகளாக ஒரு சிங்களக் குடும்பம் இறங்கியது. எல்லாரும் சேர்ந்து நிற்கப் படம் எடுத்துத் தர முடியுமா என்று தகப்பனார் சைகையால் கேட்டார். என் மருமகன் மகிழ்ச்சியோடு எடுத்துக் கொடுத்தான். அக்குடும்பத்தின் சின்னப் பெண், ஐந்து வயதிருக்கும், வண்டியை அண்ணாந்து பார்த்துத் தகப்பனாரிடம் ஏதோ கேட்டாள். அவர் எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். விடை சொல்லாமற் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

“என்ன கேட்டவள் மாமா?”

எனக்குத் தெரிந்த சிங்களம் சொற்பம். ஆயினும் அது விளங்கியது. “உள்ளுக்கு ஆர் இருந்தது எண்டு கேட்டவள்” என்றேன்.

குலரத்னவின் துணிவை நான் குறைத்துப் பேசேன். தகர்ந்துகொண்டிருந்த ஓர் அரணின் முன்னே தன்னுயிரைக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் மனிதர் இருந்தனர். அவர்களுடைய பெயரை நான் அங்கே காணவில்லை. இரும்புக்கு இடம் கொடுத்த ஊரில் அவர்களுக்கு ஒரு வரிக்கும் இடமில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது. அப்போதுதான் அண்டை வீட்டு அண்ணனின் கதையைச் சொன்னேன். அவன் அளவு நாடாவைக் காற்சட்டைப் பையிலிருந்து எடுக்கவேயில்லை.

திரும்பும் வழியில் உப்பளத்தைப் பார்த்தோம். கடனீரேரியின் நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலிற் காயவிடுகிறார்கள். முதலிற் சுண்ணச் சத்துப் படிகிறது. நீர் இன்னும் தடித்தபின் அதனை வேறு பாத்திக்குப் பாய்ச்ச, அங்கே உப்பு பூக்கிறது. எஞ்சும் கசப்பு நீரை உரிய வேளையில் வடித்துவிட வேண்டும், இல்லையேல் உப்பும் கசக்கும். மாரி மழை தொடங்குமுன் வாரி முடிக்க வேண்டிய வேளாண்மை இது. போரினால் நெடுங்காலம் முடங்கிக் கிடந்த உப்பளத்தில் மீண்டும் வெள்ளைக் குவியல்கள் எழுந்திருக்கின்றன. நிழலில் அமர்ந்து சோற்றுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், “எங்கை தம்பி, வெளிநாடோ?” என்று என் மருமகனைக் கேட்டார். “அம்மாவுக்குப் பளை” என்றான் அவன். அவர் தலையசைத்து, தம் பொதியிலிருந்து பொரித்த மிளகாய் ஒன்றை எடுத்து நீட்டினார். பாரிசுப் பிள்ளை அதனைத் தின்று கண்ணீர் விட்டதைப் பார்த்து எல்லாரும் சிரித்தோம்.

அன்றிரவு அவன் கணினியின் முன் நெடுநேரம் இருந்தான். எட்டிப் பார்த்தேன். புல்டோசரின் படங்கள் எவையும் அங்கில்லை. பிரெஞ்சு டாங்கியின் விண்ணப்பத்தையே மீண்டும் எடுத்திருந்தான். உள்ளிருப்போர் நால்வர் என்று எழுதியிருந்தது. அதன் கீழே, ஈடுபட்ட போர்கள் என்ற தலைப்பின்கீழ், ‘இல்லை’ என்று தட்டினான். தட்டிவிட்டு அந்தச் சொல்லையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு கணினியை மூடிவிட்டு, தாய்க்கென்று வழியில் வாங்கிய ஆனையிறவு உப்புப் பையை எடுத்துத் தன் பெட்டியின் அடியில் வைத்தான்.

“பிளேனிலை உப்புக் கொண்டுபோக விடுவினமோ மாமா?”

“கல்லுப்புத்தானே, விடுவினம்” என்றேன்.