தாதியின் ஏடும் நோயாளியின் காலும்

தாதித் தொழிலுக்குக் கோட்பாடு எதற்கு? புண் கட்டவும் மருந்து கொடுக்கவும் கைப்பழக்கமும் இரக்கமும் இருந்தாற் போதாவோ என்று வினவுவோர் பலர். வைத்தியசாலைகளில் நெடுங்காலம் தாதியாகக் கடமையாற்றி, இப்பொழுது சாட்டிக் கடற்கரையோரம் ஓய்ந்திருக்கும் என்னிடமும் இவ்வினா வருவதுண்டு. அண்மையில் கேட்டவள், தாதியர் பட்டப்படிப்புப் பயிலும் என் பெறாமகள்.

"பெரியம்மா, ஓரெமின்ரை கோட்பாட்டைப் பாடமாக்கிப் போட்டன். வாட்டிலை நோயாளிக்கு முன்னாலை நிக்கேக்கை அது எங்கை உதவுது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அவளுடைய ஏட்டில் இரண்டு வகைக் கோட்பாடுகள் இருந்தன. மனிதன் யார், நலம் என்பது யாது, தாதியின் பணி எதுவரை என்று முழுமையையும் அளக்க முயல்பவை பெருங்கோட்பாடுகள். 1971ஆம் ஆண்டில் டொறத்தியா ஓரெம் என்னும் அமெரிக்கத் தாதி வெளியிட்ட நூல் இவ்வகையில் பெயர் பெற்றது. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே பேணுபவர். தேவை பெருகி ஆற்றல் குன்றும்போதே தாதி வேண்டப்படுகிறாள் என்பது அவர் கருத்து. அப்பொழுதும் தாதி முழுவதையும் செய்யலாம், பகுதியைச் செய்யலாம், அன்றேல் கற்பித்துத் துணைநிற்கலாம். இம்மூன்றில் எது என்று தெரிந்து கொள்வதே முதற்கடமை.

மற்றவை இடைநிலைக் கோட்பாடுகள். அப்பெயரைப் பரப்பியவர் றொபேட் மேட்டன் என்னும் சமூகவியலாளர். பின்னர் தாதியரும் அதனைக் கைக்கொண்டனர். நோயில் எழும் நிச்சயமின்மை பற்றி மேள் மிஷெல் 1988இல் எழுதியதும், நோயாளியின் ஆறுதல் பற்றிக் கதரின் கொல்காபா எழுதியதும் இவ்வகையின. இடைநிலை என்ற சொல் பிள்ளைக்கு விளங்கவில்லை. எங்கள் கிணற்றைக் காட்டினேன். இக்கரையின் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்பது. மேலாகத் தோண்டினால் நீர் இல்லை. அளவுக்கு மிஞ்சித் தோண்டினால் உவர் ஏறிவிடும். (இந்த உவமையை அவள் பரீட்சைத்தாளில் எழுதாதிருப்பாளாக!)

உவமையிலும் பார்க்க ஒரு காலின் கதை பயன்படும். எங்கள் அயலில் ஒரு முதியவர், கடற்றொழிலாளி. இருபது ஆண்டுகளாகச் சலரோகம். சுடுமணலிலும் ஆழமற்ற கடலிலும் வெறுங்காலுடன் நடந்து பழகியவர். ஒருநாள் அவரது சின்னவிரலடியில் மட்டி ஓடு வெட்டிய காயத்தைக் கண்டேன். விளிம்பு கறுத்திருந்தது. சலரோகம் நாட்பட்டால் காலின் நரம்புகள் கெட்டு உணர்ச்சி மங்கும். இரத்த ஓட்டமும் குறையக்கூடும். அத்தகைய காலில் கவனியாது விட்ட சிறு காயம் விரலையோ பாதத்தையோ வெட்டியெடுக்கும் நிலைவரை செல்வதுண்டு.

ஓரெமின் கண்கொண்டு பார்த்தால் இவர் நடக்கிறார், பார்வை உண்டு, கைகள் வழங்குகின்றன. ஆகவே நாள்தோறும் நான் சென்று அவர் காலைக் கழுவிவிட்டுப் புண்ணியம் தேடிக்கொள்ள வேண்டியதில்லை. கற்பித்துத் துணைநிற்பதே என் பங்கு. இத்தெளிவைச் சிறியதென எண்ணற்க. நோயாளி செய்யக்கூடியதையெல்லாம் தானே செய்து அவரை முடவராக்கும் அன்பை நான் வாட்டுகளில் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஆனால், எதைக் கற்பிப்பது? அங்கே பெருங்கோட்பாடு நின்றுவிடுகிறது. பார்பரா றீகல் என்பவர் வேறிருவருடன் சேர்ந்து 2012இல் வெளியிட்ட இடைநிலைக் கோட்பாடு, நாட்பட்ட நோயாளியின் தற்பேணலை மூன்றாகப் பிரிக்கிறது: அன்றாடம் உடலைப் பேணுதல், மாற்றங்களைக் கண்காணித்தல், மாற்றம் கண்டவிடத்துத் தக்கது செய்தல். அவ்வரிசையிலேயே விசாரித்தேன். குளிசை தவறவில்லை, சீனியும் குறைத்திருந்தார். காயத்தைக் கண்டாரா?

"கண்டனான் பிள்ளை, நாலு நாளாச்சு. நோகேல்லை. கடல்தண்ணி பட்டா மாறிடும் எண்டு விட்டிட்டன்."

கண் கண்டிருக்கிறது, கண்டதற்குக் கொண்ட பொருளே பிழைத்தது. ஆயுள் முழுவதும் நோவையே அளவுகோலாகக் கொண்ட மனிதரிடமிருந்து நோய் அந்த அளவுகோலைக் களவாடிவிட்டது. சீனியைப் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கித்திருந்தாலும் பயன் விளைந்திராது. "அப்பு, உங்கடை காலிலை நோகாத புண்தான் கூடப் பொல்லாதது" என்றேன். அன்றே ஊர்காவற்றுறை வைத்தியசாலைக்குச் சென்றார். பல கிழமைகள் மருந்து கட்டியபின் புண் மாறியது, விரல் தப்பியது.

இதனாற் பெருங்கோட்பாடு வீண் என்று பெறாமகள் முடிவுகட்ட முனைந்தாள். நான் இசையவில்லை. எப்பக்கம் நோக்க வேண்டும் என்பதை ஓரெமே காட்டினார். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பெருங்கோட்பாட்டை ஒரு நோயாளியின் கால் பொய்ப்பிக்க இயலாது. அது அத்துணை அகன்றது. இடைநிலைக் கோட்பாட்டையோ நம்மவர் வாழ்வில் உரைத்துப் பார்க்கலாம், திருத்தவும் கேட்கலாம். சிகிச்சையை அடையும் வசதியையும் தற்பேணலைப் பாதிக்கும் காரணிகளுள் ஒன்றாக றீகல் எண்ணுகிறார். நெடுந்தீவில் அதற்குப் பொருள் குறிகட்டுவானுக்கு வரும் படகு. கடல் கொந்தளித்தால் 'உடனே வைத்தியரிடம் செல்க' என்ற அறிவுரை வெறுஞ்சொல்லாகும். அங்கே கண்காணிப்பைக் காற்றுக்காலத்துக்கு முன்னரே இறுக்க வேண்டும். 'தற்பேணல்' என்ற சொல்லும் நம் வீடுகளிற் சற்று இடறுகிறது. இரவில் விளக்கைப் பிடித்துப் பெரியவரின் பாதத்தைப் பார்ப்பவள் மருமகள். பிறருக்காகப் பேணுவோருக்கு ஓரெம் இடம் வைத்திருக்கிறார். ஆயினும் ஒரு வீடே ஒன்றுகூடிப் பேணும் வழக்கத்துக்கு அவ்விடம் போதுமா என்பது என் ஐயம். இதனை ஆராய்ந்து எழுதும்படி பெறாமகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

செருப்பு விஷயத்தில் மட்டும் முதியவர் முழுவதும் இணங்கவில்லை. மணலில் அணிவார், தண்ணீரில் இறங்கும்போது கழற்றிவிடுவார். கால் மண்ணை அறியாவிட்டால் திருக்கை கிடக்கும் இடம் தெரியாதாம். கரை ஏறியதும் காலைக் கழுவித் துடைத்து மருமகளிடம் காட்டுவது என்பது இப்போதைய உடன்பாடு.