பெயர் நிரப்பாத பலகை

கணினி மெதுவாகிவிட்டது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் வைத்தியம், "ரேம் கூட்டுங்க." எந்த ரேம் என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பெட்டியின் வெளியே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும், அதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் மதர்போர்டுதான்.

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைப் பற்றிச் சில வருடங்களாகத் தட்டச்சு செய்துவருகிறார். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. எந்த லயத்தில் யார் குடியிருந்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கோப்பில் மட்டும்தான் மிச்சம். கணினி ரொம்பவும் படுத்தியதால் ஒரு கடைக்குத் தூக்கிப்போனார். "பழசு அங்கிள், புதுசு வாங்கிடுங்க" என்றார்களாம், பெட்டியைத் திறக்காமலே. பென்ஷன் பணத்தில் புதுசுக்கு இடமில்லை. எழுதுவதையே நிறுத்திவிட்டார்.

நான் போனபோது அவருக்கு ஒரே பயம். "ரேம் மாத்தினா எழுதினது போயிடுமாய்யா?" தமிழில் அதற்கு நினைவகம் என்று பெயர் வைத்ததால் வரும் குழப்பம். மின்சாரம் நின்றால் ரேம் எல்லாவற்றையும் மறந்துவிடும்; எழுதியவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். ஆனாலும் அவர் நிம்மதிக்காக முதலில் எல்லாவற்றையும் பென்டிரைவில் ஏற்றிக் கையில் கொடுத்தேன்.

விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 என்று தட்டினால் 'பேஸ்போர்ட் புராடக்ட்' என்ற வரியில் போர்டின் மாடல் தெரியும். பெரியப்பாவின் திரையில் வந்தது, 'டு பி ஃபில்ட் பை ஓ.இ.எம்.' தயாரித்தவர் நிரப்ப வேண்டிய இடம், நிரப்பாமலே விற்றிருக்கிறார்கள். மலிவான போர்டுகளில் இதைப் பார்க்கலாம்.

அர்த்தம் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "தோட்டத்துல சில பேருக்கு சூராட் பெரானாக் இப்படித்தான். அப்பா பேரு போடற கட்டம் காலியா இருக்கும். சிலருக்கு சூராட்டே இருக்காது. அதுக்காக ஆளே இல்லன்னு ஆயிடுமா?" சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அவர்களில் இரண்டு பேர் அவரிடம் படித்தவர்கள்.

மின்கம்பியைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்தேன். தூசியைத் துடைத்ததும் பிராசஸருக்கும் கார்டு செருகும் ஸ்லாட்டுகளுக்கும் இடையில் வெள்ளை எழுத்தில் மாடல் எண் இருந்தது. எச்61 சிப்செட். ரேமுக்கு இரண்டு ஸ்லாட், வகை டிடிஆர்3, அதிகபட்சம் 16 ஜிபி. ஒன்றில் 4 ஜிபி இருந்தது, இன்னொன்று காலி.

வகை தெரியாமல் வாங்கினால் காசுதான் வீண். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்கள். ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு வேறு இடத்தில் வரும், ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது. டிடிஆர்4க்கு 288 பின்கள். விண்டோஸ் 64 பிட்டா என்றும் பார்த்துக்கொண்டேன். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயனில்லை.

லோ யாட் பிளாசாவில் பழைய 4 ஜிபி டிடிஆர்3 ஒன்று கிடைத்தது. இரண்டு பேர் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் காசுதான்.

இப்போது காப்பி கலக்கி வருவதற்குள் கோப்பு திறந்துவிடுகிறது. பெரியப்பா மூன்றாவது லயத்தில் இருக்கிறார். பெட்டியின் மேல் டேப் ஒட்டி, போர்டின் மாடலைத் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார். "அடுத்து வர்றவன் தேடக்கூடாதுல்ல" என்றார்.